பொய் டப்பா

"இது வண்டியா, சிலந்தி வீடா?"

பெடியாக்கோ பெரியப்பா கேட்டதோடு நிற்கவில்லை. கைத்தடியைத் தூக்கி, பானெட்டில் எந்த இடத்தில் சிலந்தி குடியிருக்கிறது என்று தொட்டுக் காட்டப் போனார். பொக்குவா கையிலிருந்த தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து தடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயால சொல்லுங்க பெரியப்பா. தடியால வேணாம்."

"தடி பட்டுத்தான் இது கெடப் போவுதா? ஏற்கெனவே கோழி கிளறுன குப்பைமேடு மாதிரி இருக்கு."

கீழே விழுந்த குழாய் பாம்பு போல நெளிந்து அவருடைய செருப்பை நனைத்தது. பெரியப்பா ஒரு காலைத் தூக்கினார். பிறகு மறு காலைத் தூக்கினார். துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் துணி நுனியால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை அடக்கம்.

பொக்குவாவின் அப்பா டபிரி ஒரு மாதமாகக் குமாசி நகரத்து ஆஸ்பத்திரிக் குளிரறையில் படுத்திருந்தார். "ஒரு நாள் ஏசி போட்டுத் தூங்காத மனுசன். இப்ப மாசக்கணக்கா அனுபவிக்கிறாரு" என்று அம்மா ஃப்ரேமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தோளில் கிடந்த கறுப்புத் துணியை ஒரு முறை சரிசெய்துகொண்டாள்.

முற்றத்தில் நின்றது டபிரியின் கறுப்பு பென்ஸ். மரக் கம்பெனி மேனேஜருக்கு அவர் ஓட்டிய வண்டி அது. கம்பெனி மூடியபோது மேனேஜர் ஊருக்குப் போனார், வண்டி டபிரியோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேட்டையில் யார் செத்தாலும் ஊர்வலத்தில் முதலில் போவது அந்த வண்டிதான். ஏரியலில் சிவப்புத் துணி கட்டி, கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு டபிரி ஓட்டுவார். ஆடுகள் அவரை முந்திக்கொண்டு போகும். பின்னால் வரும் சவ வண்டிக்காரன் ஹாரன் அடித்தால், "பொணத்துக்கே அவசரமில்ல, உனக்கென்னடா?" என்று கேட்பார்.

"என் சாவுக்கும் இதுதான் முன்னால போகணும்" என்று அவர் சொல்லாத ஆள் கிடையாது. பெட்டிக்கடைக்காரியிடம் சொல்லியிருக்கிறார். போதகரிடம் சொல்லியிருக்கிறார். பல் பிடுங்கிய டாக்டரிடம், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"எல்லாம் சரிதான்" என்றார் பெரியப்பா, காய்ந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு. "சனிக்கிழமை ராஜா வீட்டு ஆளுங்க வர்றாங்க. தம்பியோட பழைய கம்பெனிக்காரங்க வர்றாங்க. வெயில்ல இந்த வண்டியில இருக்கிற வலை வலையான கீறலப் பாத்தா என்ன சொல்லுவாங்க? டபிரி வீட்டாளுங்க குப்பை வண்டிய முன்னால விட்டு அவனை அனுப்பினாங்கன்னு சொல்லுவாங்க. நான் நகரத்துல ஒரு வண்டி பேசிட்டேன். புதுசு. டிரைவர் வெள்ளைக் கையுறை போட்டுட்டு வருவான்."

"அவர் சொன்னது உங்க காதுல விழலையா?" என்றாள் ஃப்ரேமா, நாற்காலியிலிருந்து எழாமலே.

"விழுந்துச்சு. அவன் சின்ன வயசுல விமானம் ஓட்டுவேன்னும்தான் சொன்னான்."

அந்த ஊரில் தாய்வழிதான் குடும்பம். டபிரியின் உடல் அவருடைய தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். அதற்குத் தலைவர் பெடியாக்கோ. சவப்பெட்டி மட்டும் பிள்ளைகளின் பொறுப்பு. அப்பாவுக்கு மகளாக இருந்தாலும் பொக்குவா அம்மாவின் குடும்பம்தான். ஊர்வலத்தில் எது முன்னால், எது பின்னால் என்பதில் அவளுக்குப் பேச்சு கிடையாது.

இருந்தும் பேசினாள்.

"பொணம் உங்களோடது. பெட்டி எங்களோடது. வண்டி யாரோடது பெரியப்பா?"

பெரியப்பா யோசித்தார். இதற்கு முன்னோர்கள் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

"எனக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் பொக்குவா. "சனிக்கிழமை காலையில இந்த பானெட்ல உங்க மூஞ்சி தெரியும். மீசையில எத்தனை நரைன்னு நீங்களே எண்ணிக்கலாம்."

"ஒரு கோடு தெரிஞ்சாலும்?"

"ஒரு கோடு தெரிஞ்சாலும் கையுறைக்காரன் முன்னால போகட்டும்."

பெரியப்பா தடியைத் தரையில் ஊன்றினார். அவருடைய குடும்பத்தில் அது கையெழுத்து மாதிரி.

*

பொக்குவாவின் கடை பெரிய சாலையில் இருந்தது. "பொறுமையே வெல்லும் கார் வாஷிங், பாலிஷிங்" என்று போர்டு. போர்டை எழுதியவன் இடம் போதாமல் கடைசி எழுத்துகளை நெருக்கிவிட்டான்; அவனுக்குப் பொறுமை இல்லை. கூட்டாளி ஜெமீலா, முஸ்லிம்கள் வசிக்கும் ஸோங்கோ பேட்டைக்காரி. சுத்தம் செய்வது, துடைப்பது, வாடிக்கையாளரிடம் சண்டை போடுவது மூன்றும் அவள் வேலை. மெஷின் பொக்குவாவின் வேலை.

ஜெமீலா இலையில் பொதிந்த வாச்சேயைத் தின்றுகொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். பயறு கலந்த சோற்றை ஒரு வாய் போடுவாள், ஒரு கதவைப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள்.

"உங்கப்பா வண்டியத் துடைச்சாரா, தேங்காய் துருவினாரா?"

"பனியன்" என்றாள் பொக்குவா.

அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. டபிரியின் பனியன் சங்கதி ஜெமீலாவுக்கு மனப்பாடம்.

தினமும் விடிந்ததும் டபிரி பழைய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைப்பார். தண்ணீர் கிடையாது, சோப்பு கிடையாது. வடக்கேயிருந்து பாலைவனக் காற்று அடிக்கும் மாதங்களில் முகப்பவுடர் போட்டது போல ஊரே வெளுத்திருக்கும். வண்டியின் மேல் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியின் மேலேயே வறண்ட பனியனை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்.

"அது தூசி இல்லப்பா, மணல். நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீங்க" என்று பொக்குவா கத்துவாள்.

"நீ மெஷின வெச்சு என்ன பண்ற? அதுவும் சுத்தத்தானே சுத்துது?"

"அது வேற சுத்து!"

"சுத்துல என்னடி சாதி?"

ஒரு கிறிஸ்துமஸுக்கு நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தாள். மிருதுவாக இருக்கிறது என்று அதில் முகம் துடைத்துக்கொண்டார். வண்டிக்குப் பனியனே தொடர்ந்தது. மெஷினை மட்டும் அவர் கிட்டவே விடவில்லை. ஊரார் வண்டியெல்லாம் அவள் கையில் கண்ணாடியாயிற்று. பாலிஷ்காரியின் அப்பா மட்டும் சிலந்தி வலையில் போய் வந்துகொண்டிருந்தார். "செருப்புத் தைக்கிறவன் வீட்டுல எல்லாரும் வெறுங்கால்" என்று சிரிப்பார்கள். அவளுக்கு மானம் போகும். அவருக்கு ஒன்றும் போகாது.

கடைசி நாளன்றும் துடைத்தார். பானெட்டை முடித்தார், பனியனை உதறிக் கொடியில் போட்டார், உள்ளே வந்து சோளக் கஞ்சிக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தார். சர்க்கரை எடுத்து வருவதற்காக அம்மா திரும்பினாள். திரும்பி வந்தபோது கஞ்சியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் போய்விட்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் ஜெமீலா, இலையைக் கசக்கி எறிந்துவிட்டு.

"ஆரம்பிக்கலாம்."

*

முதலில் கழுவினார்கள். பிறகு களிமண் கட்டி போன்ற ஒன்றை ஈரத்தோடு வண்டி முழுக்க ஓட்டினார்கள். ஒட்டியிருந்த பிசின், தார், மேனேஜர் காலத்து அழுக்கு எல்லாம் அதில் ஏறியது. விளிம்புகளுக்கும் ரப்பருக்கும் பொக்குவா டேப் ஒட்டினாள். விளிம்பில் பெயின்ட் மெல்லிசு. மெஷின் ஒரு கணம் அதிகம் நின்றால் அடியிலிருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கும். கறுப்பு வண்டி எதையும் மன்னிக்காது. வெள்ளை வண்டி நல்ல மாமியார் மாதிரி, பாதியைப் பார்க்காதது போல இருந்துவிடும். கறுப்பு அப்படியில்லை.

கூரையிலிருந்து தொடங்கினாள். மெஷினின் கம்பளி பேடில், கீறலை அரைத்தெடுக்கும் கட்டிங் கம்பவுண்டை ஐந்தாறு பொட்டாக வைத்தாள். மெஷினை ஓட்டாமலே அவற்றைப் பரப்பிவிட்டு, பிறகு சுவிட்சைத் தட்டினாள். இரண்டு கை அகலத்துக்கு ஒரு சதுரம். குறுக்கே மெதுவாக, பிறகு நெடுக்கே மெதுவாக. மெஷின் பாடிக்கொண்டே நகர்ந்தது. ஓட்ட ஓட்டக் கம்பவுண்டின் வெள்ளைப் படலம் மங்கியது. ஜெமீலா துணியால் துடைத்தாள். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்தாள்.

இந்த இரண்டாவது துடைப்புதான் அவர்கள் கடையின் கௌரவம். கம்பவுண்டில் எண்ணெய் இருக்கும். அது கீறலுக்குள் உட்கார்ந்து எல்லாம் சரியாகிவிட்டது போலக் காட்டும். ஸ்பிரிட் போட்டால் எண்ணெய் ஓடிவிடும். அதற்குப் பிறகும் கீறல் தெரியவில்லை என்றால்தான் கீறல் இல்லை.

"இந்த ஸ்பிரிட்டும் உங்க சாவு வீட்டுல ஊத்துற பச்சைப் பாட்டில் சாராயமும் ஒரே வாசனைடி" என்றாள் ஜெமீலா மூக்கைச் சுருக்கிக்கொண்டு. "எங்கம்மா என் துணிய மோந்து பாத்துட்டு ஒரு நாள் என்னைய வீட்ட விட்டுத் துரத்தப் போறா."

சாலையில் கொஞ்சம் தள்ளி இன்னொரு கடை இருந்தது. அங்கே எந்த வண்டியானாலும் ஒரு மணி நேரத்தில் பளபளக்கும். கீறல்களை எடுக்கமாட்டார்கள், பசை போன்ற ஒரு பூச்சை அப்பி மூடிவிடுவார்கள். நாலு மழைக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தப் பூச்சு டப்பா ஒன்று மெஷின் வாங்கியபோது பொக்குவாவுக்கும் இலவசமாக வந்தது. அவள் அதைத் திறக்கவே இல்லை. 'பொய் டப்பா' என்று பெயர் வைத்து, கடைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அந்த வேலைக்கு நல்ல டப்பா.

மதியம் கரண்ட் போயிற்று. எதிர்ப்புறத் தையல்காரியிடமிருந்து ஜெனரேட்டர் கடன் வாங்கினார்கள். அவளுக்கும் நாளைக்குள் இருபது பேருக்குத் துக்க உடை தைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் டபிரியின் சாவுக்குத்தான். "செத்தும் ஊருக்கே வேலை குடுக்கிறாரு" என்றாள் தையல்காரி. ஒரே ஜெனரேட்டரில் தையல் மெஷினும் பாலிஷ் மெஷினும் மாறி மாறி ஓடின. அவள் சட்டைக்குக் காலர் வைக்கும்போது பொக்குவா பேடைக் கழுவினாள்.

மாலைக்குள் கூரையும் டிக்கியும் முடிந்தன. வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் வந்ததும் கதவுகள். கம்பளிக்குப் பிறகு ஃபோம் பேடு, மெல்லிய பாலிஷ். பழைய கறுப்பு அடியிலிருந்து எழுந்து வந்தது. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. ஜெமீலா பின்கதவில் முகம் பார்த்துத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"உள்ள இப்படி ஒரு அழகி இருந்திருக்கா பாரு. பாவி மனுசன் பனியன் போட்டு மூடி வெச்சிருந்திருக்காரு."

பொக்குவா சிரித்தாள். சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருஷச் சண்டையில் கடைசியாக அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக பானெட்.

வண்டியைத் திருப்பி வெயிலுக்கு நேராக நிறுத்தினாள். சூரியன் பானெட்டின் நடுவில் விழுந்தது. அதைச் சுற்றி ஆயிரம் மெல்லிய வட்டங்கள் எரிந்தன. அவள் பேடை மாட்டினாள், கம்பவுண்டு வைத்தாள், குனிந்தாள்.

பானெட்டின் எல்லா இடத்திலும் வட்டம் ஒரே மாதிரி இல்லை. கிட்டப் போனால்தான் தெரிந்தது. டிரைவர் பக்கம் நின்றுகொண்டுதான் அவர் துடைப்பார். அங்கிருந்து கை எட்டும் தூரம் வரை பெரிய பெரிய வட்டங்கள், சோற்றுத் தட்டு அகலம். அவை பழையவை, மழுங்கியவை. அவற்றின் மேல் சின்ன வட்டங்கள். தோள் வலி வந்த பிறகு போட்டவை. கை பாதி தூரத்துக்கு மேல் போகவில்லை. இன்னும் கிட்டே, விளிம்பை ஒட்டி, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கமாகச் சில. அவை கூர்மையாக இருந்தன. புத்தம் புதியவை.

அவற்றுக்கு அப்பால், அந்தப் பக்கத்து மூலையில், ஒன்றுமே இல்லை. அங்கே அவருக்கு எப்போதுமே எட்டியதில்லை.

பொக்குவா சுவிட்சைத் தட்டினாள். மெஷின் பாடியது. பேடு பானெட்டுக்கு ஒரு விரல் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அணைத்தாள்.

"என்ன?" என்றாள் ஜெமீலா.

"பேடு சூடாயிடுச்சு."

"இன்னும் தொடவே இல்லையேடி."

"வேற பேடு குடு."

ஜெமீலா வேறு பேடு கொடுத்தாள். பொக்குவா மாட்டினாள். அந்தப் பக்கத்து மூலையிலிருந்து ஆரம்பித்தாள்; அங்கே வேலையே இல்லை, இருந்தும் நன்றாகப் போட்டாள். நடுவரை வந்தாள். பெரிய வட்டங்களின் ஓரம் வந்ததும் மறுபடி அணைத்தாள்.

"கரண்ட் சரியில்ல" என்றாள்.

எதிர்க்கடையில் தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜெமீலா அதைக் கேட்டாள். பானெட்டைப் பார்த்தாள். பொக்குவாவின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள்.

ஒரு நிமிடத்தில் கடைக் கதவு படார் என்று அடித்துச் சாத்திக்கொண்டது.

ஜெமீலா கையில் பொய் டப்பாவோடு நின்றாள். மேலே செருப்பு மண் படிந்திருந்தது. பாவாடையில் துடைத்து, மூடியைத் திருகி, பானெட்டின் முன்னால் வைத்தாள்.

"எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு" என்றாள். "நான் எதையும் பாக்கல. அல்லா பாப்பான், அவன்கிட்ட நீயே பேசிக்க."

*

சனிக்கிழமை காலை முற்றத்தில் பந்தல் போட்டு நீல நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒலிபெருக்கி இரண்டு தெருவுக்குக் கேட்டது. உள்ளே டபிரி கட்டிலில், பல வண்ணக் கென்டே துணியும் அவர் ஒரு நாளும் போடாத மோதிரங்களுமாகப் படுத்திருந்தார். பெண்கள் வந்தார்கள், சுற்றி வந்து அழுதார்கள், வெளியே போய் ஒருவருக்கொருவர் உடையின் தையலைப் பாராட்டிக்கொண்டார்கள். தையல்காரி ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாக் காலரையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

அம்மா அழுததில் குரல் போய்விட்டிருந்தது. அந்தக் குரலோடேயே, "மோதிரத்தைக் கழட்டாம மூடிறாதீங்க, எல்லாம் இரவல்" என்று பெட்டிக்காரர்களை எச்சரித்தாள்.

தெருவில் இரண்டு கறுப்பு வண்டிகள் நின்றன. ஒன்று வாடகை வண்டி. வெள்ளைக் கையுறைக்காரன் அதன் மேல் சாயாமல் விறைப்பாக நின்றான். இன்னொன்று பென்ஸ். ஏரியலில் சிவப்புத் துணி.

பெரியப்பா வந்தார். பின்னால் குடும்பத்துப் பெரியவர்கள், அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு. அவர் முதலில் கூரையைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். டிக்கியைச் சுற்றி வந்தார். கடைசியாக பானெட்டின் முன்னால் வந்து இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

கறுப்புக்குள்ளிருந்து பெடியாக்கோ அவரைப் பார்த்தார். மீசை தெரிந்தது. பின்னால் பந்தலின் விளிம்பு தெரிந்தது. வானத்தில் ஒரு பருந்து தெரிந்தது.

பெரியப்பா உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்துக்கொண்டார்.

"கண்ணாடி" என்றார்.

கூட்டம் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். கையுறைக்காரனின் முகம் சுருங்கியது. ஜெமீலா பொக்குவாவின் இடுப்பில் கிள்ளினாள். பொக்குவா சிரிக்க முயன்றாள். உதடு கொஞ்சம்தான் நகர்ந்தது.

"பாட்டில் எங்கே?" என்றார் பெரியப்பா.

பச்சைப் பாட்டில் வந்தது. போதகர் இருமிவிட்டு, அவசரமாக எதையோ பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். பெரியப்பா செருப்பைக் கழற்றி, அதிலிருந்த ஷ்னாப்ஸ் சாராயத்தைத் தரையில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். முன்னோர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தம்பி வருகிறான், இடம் ஒதுக்கி வையுங்கள் என்றார். அதிகம் பேசுவான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு சொட்டுக்கும் கூட்டம் "ஆமாம்" என்றது.

பாட்டிலில் இன்னும் கால்வாசி இருந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"இதுவும் அவனோட சேந்து எத்தனையோ பேர அனுப்பி வெச்சுது. இதுக்கும் தாகம் இருக்கும்ல?"

"பெரியப்பா, வேணாம்..." என்று பொக்குவா ஓர் அடி எடுத்து வைத்தாள்.

ஷ்னாப்ஸ் பானெட்டின் மேல் விழுந்தது. சொட்டாக இல்லை. அண்ணன் தம்பிக்கு ஊற்றுவது போல, தாராளமாக. டிரைவர் பக்கத்தில் விழுந்து பரவி, விளிம்பு வழியாக விளக்கின் மேல் வழிந்தது.

"யா அல்லா" என்றாள் ஜெமீலா மெல்ல.

"வண்டி அசிங்கமாவுது பாருங்க" என்றாள் அம்மா, போன குரலில்.

"துடைச்சாப் போச்சு." பெரியப்பா இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவினார். பெரிய சிவப்புக் கைக்குட்டை. சுருட்டி உள்ளங்கையில் வைத்து, ஷ்னாப்ஸின் மேல் அழுத்தித் துடைத்தார். இரண்டு தடவை. மூன்று தடவை.

கைக்குட்டை நகர்ந்த இடத்தில் கறுப்பு மாறியது. முதலில் மங்கலாக. பிறகு, ஈரம் காய்ந்ததும், வெயிலில் ஒரு வட்டம் எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. உள்ளங்கை அளவு வட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக, விளிம்பை ஒட்டி. இன்னும் கொஞ்சம் துடைத்தார். அவற்றுக்குப் பின்னால் பெரிய வட்டங்களும் வந்தன.

பெரியப்பாவின் கை நின்றது.

ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் கையுறைக்காரன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஓடிப்போய்த் தன் வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.

பெரியப்பா நிமிரவில்லை. கைக்குட்டையை எடுத்துவிட்டு, வெறும் கையை அந்தச் சின்ன வட்டங்களின் மேல் வைத்தார். கை கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தியது. அண்ணன் தம்பி கைகள்தானே. பிறகு தலையைத் திருப்பிப் பொக்குவாவைப் பார்த்தார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை, கதவு, டிக்கி எல்லாவற்றிலும் ஒரு கோடு இல்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் எப்படி என்று அவர் கேட்டால், பேடு சூடாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரியப்பா கேட்கவில்லை.

"டேய் கையுறை!" என்று கத்தினார். "எஞ்சின நிறுத்துடா. எதுக்குப் பெட்ரோல எரிக்கிற? நீ பின்னால வா. சவ வண்டிக்கும் பின்னால."

"ஐயா, கோடு தெரிஞ்சா நான்தான் முன்னாலன்னு நீங்கதான்..."

"எங்கடா கோடு? எனக்குக் கண்ணு தெரியாது. எண்பத்தி நாலு வயசு." தடியை ஊன்றினார். "எல்லாரும் ஏறுங்க!"

கூட்டம் கலகலவென்று சிரித்துக்கொண்டு வண்டிகளுக்குக் கலைந்தது. அடுத்த பாட்டு தொடங்கியது. பெரியப்பா மட்டும் அங்கேயே நின்றார். தெருத் தூசி அதற்குள் பானெட்டின் மேல் இறங்கியிருந்தது. கைக்குட்டையை மறுபடி சுருட்டினார். வறண்டு போயிருந்தது. குனிந்து துடைக்க ஆரம்பித்தார், வட்டமாக, மெதுவாக. டிரைவர் பக்கம் முடிந்ததும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக்கும் போனார். ஒன்றுமே இல்லாத அந்த மூலையையும் அழுத்தித் துடைத்தார்.

"வறண்ட துணிடி" என்று ஜெமீலா அவள் காதில் சொன்னாள். "மணலோட தேய்க்கிறாருடி. சொல்லேன்."

பொக்குவா சாவியை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் கதவைத் திறந்தாள்.

அம்மா பக்கத்தில் ஏறினாள். பெரியப்பா பின் சீட்டில் கைக்குட்டையை மடித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஷ்னாப்ஸ் வாசனை வண்டி முழுக்க ஏறியது. பொக்குவா கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தாள். பெரிய சாலையில் திரும்பியதும் வெயில் நேர் எதிரே வந்தது. சூரியன் பானெட்டில் விழுந்தது. அதைச் சுற்றி வட்டங்கள் எழுந்தன. வண்டி போகப் போக அவையும் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தன.

இரண்டு ஆடுகள் அவர்களை முந்திக்கொண்டு போயின. பின்னால் சவ வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்டி" என்றாள் அம்மா.

பொக்குவா கியரைக் குறைத்தாள்.